தற்காலிகம் என்று கட்டியது: நெப்ராஸ்காவின் வைக்கோல் வீடுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பேயார்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1890களின் பின்பாதியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஒரே அறைதான். சுவர் செங்கல்லும் இல்லை, மரமும் இல்லை. இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய உலர்புல் கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய சுவர். சில ஆண்டுகளிலேயே அந்தப் பள்ளிக்கூடம் காணாமல் போனது. புயலோ தீயோ காரணமில்லை, அக்கம்பக்கத்து மாடுகள் தின்றுவிட்டன. சுவருக்குப் பூச்சு பூசாமல் விட்டதால் வந்த வினை.

உலர்புல் கட்டு, வைக்கோல் கட்டுக் கட்டடங்களின் வரலாறு எழுதுகிற எல்லாரும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பதிவில் இருக்கிற முதல் கட்டடம் இதுதான் என்பது ஒரு காரணம். மாடு தின்ற கதை என்பதால் சிரித்துவிட்டுக் கடந்துபோவதும் எளிது. நான் அங்கேயே கொஞ்சம் நின்றேன். மாடு தின்ற கட்டடத்திலிருந்து, நூறு வருஷம் நிற்கிற கட்டடத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? அதைவிட முக்கியமாக, அப்படி நின்ற ஒரு நுட்பம் ஏன் நடுவில் மறந்துபோய், யார் கையால் திரும்பி வந்தது? சில மாதமாகச் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்து வைக்கிறேன். நான் படித்தது சிவில் இல்லை, கம்ப்யூட்டர். அதனால் கட்டுமானக் கணக்கு வரும் இடங்களில் எளிய பெருக்கல், வகுத்தலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மரமில்லாத ஊர்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நெப்ராஸ்காவின் நடுவிலிருந்து மேற்கு வரை சேண்ட்ஹில்ஸ் என்ற மணற்குன்றுப் பகுதி பரந்து கிடக்கிறது. ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தேரிக்காடு மாதிரி மணல்மேடுகள்தான், ஆனால் மேலே புல் வேர் பிடித்து மணலை இறுக்கி வைத்திருக்கிறது. புல்லை எடுத்தால் மணல் கிளம்பிவிடும். மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 20 அங்குலம். பனிக்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டும் குளிர். கோடையில் நம்ம ஊர் வெயில். மரம் என்று பார்த்தால் ஆற்றங்கரைகளில் கொஞ்சம், அவ்வளவுதான்.

மரம் நடும் நாள் என்ற ஆர்பர் டே 1872-ல் தொடங்கியது இந்த நெப்ராஸ்காவில்தான். 1902-ல் ஹால்ஸி பக்கம் மணற்குன்றுகளின்மேல் ஆள் வைத்து நட்டு ஒரு காட்டையே உருவாக்கத் தொடங்கினார்கள். இல்லாததைத்தானே கொண்டாடுவார்கள்.

இந்த மண்ணில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் ஏற்கனவே இருந்தார்கள். பிளாட், லூப் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த பானி மக்கள், மரத்தூண்கள் நட்டு, மேலே கிளையும் புல்லும் பரப்பி, அதன்மேல் மண் மூடிய பெரிய வட்ட வீடுகள் கட்டினார்கள். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் இருந்தன. 1870களின் நடுவில் அவர்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். லக்கோட்டா மக்கள் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். குடியேற்றக்காரர்களின் கதைகளில் "வெற்று நிலம்" என்று வருகிற நிலம் இப்படித்தான் வெற்றானது. இதைச் சொல்லாமல் வைக்கோல் வீட்டுக் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்ன மாதிரி.

பத்தை வெட்டிக் கட்டிய வீடு

1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்தது. அங்கே குடியிருக்கணும், பயிர் பண்ணணும், ஐந்து வருஷம் தாக்குப்பிடிக்கணும். அதற்குப் பிறகு பட்டா. சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாளான 1863 ஜனவரி 1-ல் முதல் மனுக்களில் ஒன்றைப் போட்ட டேனியல் ஃப்ரீமன், இதே நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் பக்கம்தான் நிலம் எடுத்தார்.

குடியிருக்கணும்னா வீடு வேண்டும். வீட்டுக்கு மரம் இல்லை. செங்கல் சுட விறகும் இல்லை. கையில் காசும் இல்லை. எனவே காலடியில் இருந்ததையே வெட்டினார்கள். புல்லும் வேரும் மண்ணுமாகப் பின்னிக்கிடந்த மேல்தரையைத் தனி ஏர் வைத்து நீளநீளமாக அறுத்து, பத்தை பத்தையாக வெட்டியெடுத்து, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்கினார்கள். ஒரு பத்தை ஏறக்குறைய ஓரடி அகலம், மூன்றடி நீளம், நான்கு அங்குல கனம். 16-க்கு 20 அடி வீட்டுக்கு அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் நிலத்தின் மேல்தோல் வேண்டியிருந்தது. உள்சுவரில் பழைய செய்தித்தாள் ஒட்டினார்கள். கூரையிலிருந்து மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழாமலிருக்க, மேலே துணி கட்டினார்கள். கதவும் ஜன்னலும் மட்டும் காசு கொடுத்து வாங்கினது. வீடு மாறும்போது அவற்றைக் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

1886-லிருந்து சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் கஸ்டர் மாவட்டத்தில் இந்த வீடுகளையும் அவற்றின் முன்னால் நின்ற குடும்பங்களையும் படமெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, வீட்டுக்கு வெளியே இழுத்து வைத்த மேசை, பக்கத்தில் மாடு. பத்தை வீடு என்றால் நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் அவர் எடுத்த படங்களால்தான்.

ஆனால் இந்த வேலை மணற்குன்றுப் பகுதிக்குள் போனதும் நின்றுவிட்டது. அங்கே மேல்தரையில் மணல் அதிகம். வெட்டின பத்தை கையிலேயே உதிரும். புல்லைச் சுரண்டினால் மாட்டுக்குத் தீவனமும் போச்சு, மணலும் பறக்கும்.

ஒரு சட்டமும் ஒரு இயந்திரமும்

இந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் வந்து சேர்கின்றன.

ஒன்று, இயந்திரம். உலர்புல் இடத்தை அடைக்கிற சரக்கு. ரயிலில் ஏற்றி விற்கணும்னா அழுத்திக் கட்டாகக் கட்டியே ஆகணும். குதிரையைச் சுற்ற விட்டு இயக்கிய பேலர்களும், பிறகு நீராவி பேலர்களும் 1890களில் பரவலாக இருந்தன. அவற்றிலிருந்து செங்கல் வடிவத்தில் கட்டுகள் வந்து விழுந்தன. மூலைகள் சதுரமாக, ஒரே அளவில். அதைப் பார்க்கிற எவனுக்கும் அடுக்கிப் பார்க்கத்தான் தோன்றும்.

இன்னொன்று, சட்டம். 160 ஏக்கர் என்பது மழை பெய்கிற ஊர்க் கணக்கு. மணற்குன்றில் அதை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. மோசஸ் கின்கெய்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1904-ல் நிறைவேறியது. மேற்கு நெப்ராஸ்காவின் 37 மாவட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 640 ஏக்கர் வரை. ஐந்து வருஷம் குடியிருக்கணும், ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் மதிப்புக்கு நிலத்தில் ஏதாவது மேம்பாடு செய்திருக்கணும். கின்கெய்டர்கள் என்றே பெயர் பெற்ற புதுக் கூட்டம் மணற்குன்றுக்குள் வந்தது. அவர்களுக்கு உடனடியாக ஒரு கூரை தேவை. கையில் இருந்தது புல், வாடகைக்கு ஒரு பேலர், அக்கம்பக்கத்தாரின் தோள்.

யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டை யாரும் "கண்டுபிடிக்கவில்லை". மரமில்லாத நிலம், உதிர்கிற மண், குடியிருக்கச் சொல்லும் சட்டம், செங்கல் வடிவில் புல்லைத் துப்புகிற இயந்திரம். நான்கும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் இருந்தன. அதிலிருந்து தானாக வந்த விடை.

சுவர் எப்படி நின்றது

கட்டியவர்கள் வரைபடம் போட்டு வைக்கவில்லை. பிற்காலத்தில் நின்ற வீடுகளை அளந்தும், கட்டியவர்களைக் கேட்டும் எழுதப்பட்ட விவரம் இது.

கட்டுகளைச் செங்கல் மாதிரியே, ஒரு வரியின் ஜாயின்ட் மேல் அடுத்த வரியின் ஜாயின்ட் வராமல் அடுக்கினார்கள். ஒரு கட்டின் கனம்தான் சுவரின் கனம், ஏறக்குறைய இரண்டடி. மரக்குச்சிகளையோ இரும்புக் கம்பிகளையோ மேலிருந்து கட்டுகளுக்குள் அடித்து இறக்கி, வரிகளை ஒன்றோடொன்று கோர்த்தார்கள். கதவு நிலையும் ஜன்னல் சட்டமும் சுவர் எழும்பும்போதே இடையில் வைக்கப்பட்டன. உச்சியில் சுற்றிலும் ஒரு மரப்பலகைச் சட்டம். அதன்மேல் பெரும்பாலும் நான்கு பக்கமும் சரியும் கூரை. இப்படிப்பட்ட கூரை தன் பாரத்தை நான்கு சுவருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். இரண்டு பக்கம் மட்டும் சரிந்தால் இரண்டு சுவர்தான் சுமக்கும், மீதி இரண்டின் உச்சியில் முக்கோணமாக வேறு ஏற்றணும்.

தூண் கிடையாது, கூரையைத் தாங்குவது வைக்கோலேதான். அதனால்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த முறைக்கு "நெப்ராஸ்கா பாணி" என்று பெயர்.

கூரை ஏறியதும் உடனே பூசிவிடக் கூடாது. பாரம் ஏற ஏற கட்டுகள் அமுங்கும். அமுங்கி முடிவதற்குள் பூசினால் பூச்சு வெடிக்கும். எனவே பல வாரம், சில சமயம் சில மாதம் விட்டுவிட்டு, பிறகு உள்ளும் புறமும் பூசினார்கள். முதலில் மண்ணும் களியும். பிற்பாடு சுண்ணாம்பு, சிமென்ட். பூச்சு காய்ந்து இறுகியதும் அது வெறும் மேல்தோலாக மட்டும் இருப்பதில்லை. உள்பூச்சு ஒரு தகடு, வெளிப்பூச்சு ஒரு தகடு, நடுவில் வைக்கோல். மூன்றும் சேர்ந்து பாரத்தைச் சுமக்கும். பேயார்ட் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போனது இந்தக் கடைசி வேலைதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 20-க்கு 16 அடி வீடு. சுற்றளவு 72 அடி, சுவர் உயரம் 8 அடி. கதவு, ஜன்னல் கழித்து 500 சதுர அடி சுவர் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சிறிய கட்டு ஏறக்குறைய 3 அடி நீளம், 18 அங்குல அகலம், 14 அங்குல உயரம். படுக்கப் போட்டு அடுக்கினால் ஒரு கட்டு மூன்றரை சதுர அடிச் சுவர் தரும். மொத்தம் 143 கட்டு. உடைசலுக்கும் சேர்த்து 150. ஒரு கட்டு 20 கிலோ என்றால் மொத்தச் சுவரும் 3 டன். அதே சுவரை 9 அங்குலச் செங்கல்லில் கட்டினால் 5,000 கல்லுக்கு மேல் பிடிக்கும், எடை 20 டன் பக்கம் வரும். மூன்று டன்னுக்கு ஆழமான அஸ்திவாரம் தேவையில்லை. மணலில் வீடு கட்டுகிறவனுக்கு இது சாதாரண விஷயமில்லை.

எத்தனை நாள் நின்றது

அலையன்ஸ் ஊருக்கு வெளியே 1903-ல் கட்டிய பர்க் குடும்பத்து வீடு, ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகும் பல பத்தாண்டுகள் நின்றது. ஆர்தர் என்ற ஊரில் 1925-ல் கட்டிய மார்ட்டின்-மன்ஹார்ட் வீடு இருக்கிறது. அதே ஊரில் 1928-ல் கட்டிய பில்கிரிம் ஹோலினஸ் தேவாலயம் ரை என்ற தானியத்தின் வைக்கோலால் ஆனது. இரண்டடி கனச் சுவர், போதகர் குடியிருக்கப் பின்பக்கம் அறைகள். இன்றைக்கு அது அருங்காட்சியகம். 1979-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் ஏறியது. ஊரின் மக்கள்தொகை நூற்றுச் சொச்சம். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் பூச்சுப் பூசிய சாதாரணக் கட்டடம். ஜன்னலின் ஆழத்தைப் பார்த்தால்தான் சுவருக்குள் வேறென்னவோ இருக்கு என்று சந்தேகம் வரும்.

இப்படி நெப்ராஸ்காவில் ஏறக்குறைய எழுபது கட்டடங்கள் பதிவாகியிருக்கின்றன. வீடு, களஞ்சியம், பள்ளி, தேவாலயம், கடை.

உடனே எல்லாரும் கேட்கும் கேள்வி, "தீப்பிடிக்காதா?" உதிரி வைக்கோல் பற்றினால் நொடியில் போகும். ஆனால் இறுக்கி அழுத்திய கட்டுக்குள் காற்றுக்கு இடமில்லை. கனத்த புத்தகத்தைக் கொளுத்துவது மாதிரிதான், ஓரம் கருகும், உள்ளே போகாது. மேலே பூச்சும் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2006-ல் அமெரிக்காவில் நடந்த முறையான தீச்சோதனைகளில் மண் பூசிய வைக்கோல் சுவர் ஒரு மணி நேரமும், சிமென்ட் பூசியது இரண்டு மணி நேரமும் தாங்கித் தேறின.

உண்மையான எதிரி தண்ணீர். கட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருக்கணும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடித்து மக்க ஆரம்பிக்கும். இந்த மாதிரி வீடு கட்டுகிறவர்கள் எல்லா மொழியிலும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் போட்டுவிடு. அதாவது அகலமான இறவாரம், தரையிலிருந்து உயர்ந்த அடிப்பீடம். மண் வீடு கட்டிய நம்ம தாத்தாக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. திண்ணையும், தலை குனிந்து நுழையவேண்டிய தாழ்ந்த இறவாரமும் அதே கணக்குதான்.

ஏன் நின்றுபோனது

வீடுகள் இடிந்ததால் இல்லை. 640 ஏக்கரும் போதாமல் கின்கெய்டர்கள் பலர் நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள். பெரிய மாட்டுப் பண்ணைகள் அதை வாங்கிச் சேர்த்துக்கொண்டன. ஆள் குறைந்தால் வீடு கட்டுவதும் குறையும். சாலை வந்தது, லாரி வந்தது, அறுத்த மரமும் சிமென்ட்டும் வீட்டு வாசலுக்கே வந்தன. 1940களோடு இந்த வேலை ஏறக்குறைய முடிந்துபோனது.

கூடவே கெளரவமும் சேர்ந்துகொண்டது. வைக்கோல் வீடு என்பது வசதியில்லாத காலத்து ஏற்பாடு. காசு வந்ததும் மர வீடு கட்டிப் போவதுதான் முன்னேற்றம். கட்டியவர்களே இதைத் தற்காலிகம் என்று நினைத்துத்தான் கட்டினார்கள். சிலர், குளிர்காலம் ஒன்றைக் கழித்துப் பார்த்துவிட்டு, இதைவிடக் கதகதப்பான வீடு கிடைக்காது என்று பூச்சு பூசி அங்கேயே இருந்துவிட்டார்கள். நிரந்தரமாக நின்றது அவர்களின் வீடுகள்தான். ஆனால் அடுத்த தலைமுறை அந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை. தேவையில்லை என்று நினைத்த ஒன்றை யார் கற்பார்கள்?

எழுதி வைத்தவர்

இந்தக் கதையில் எனக்கு முக்கியமான ஆள் வீடு கட்டியவர் இல்லை, எழுதி வைத்தவர். ரோஜர் வெல்ஷ் என்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர். நெப்ராஸ்காக்காரர். 1968-ல் பத்தை வீடுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்து, மணற்குன்றுகளில் மிச்சமிருந்த புல்கட்டு வீடுகளைத் தேடி, அளந்து, எப்படிக் கட்டினார்கள் என்று எழுதினார். பொறியாளர் பார்வையில் அல்ல. பாட்டு, கதை, விடுகதை சேகரிப்பது போலத்தான் இதையும் சேகரித்தார்.

அந்தக் கட்டுரையின் சுருக்கம் ஒன்று, லாயிட் கான் 1973-ல் வெளியிட்ட 'ஷெல்டர்' என்ற தொகுப்பில் வந்தது. உலகம் முழுக்க மனிதர்கள் கையால் கட்டிய வீடுகளைக் காட்டும் பெரிய புத்தகம் அது. அதில் இது ஒரு சின்னப் பகுதிதான். எண்ணெய் விலை ஏறி, வீட்டைச் சூடாக்கும் செலவு கையைக் கடித்த காலம். தென்மேற்கு அமெரிக்காவில் சிலர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தாங்களே கட்டிப் பார்த்தார்கள். 1980களின் கடைசியில் அரிசோனாவின் டூசான் நகரத்திலிருந்து மேட்ஸ் மிர்மன், ஜூடி நாக்ஸ் இருவரும் நெப்ராஸ்காவுக்கே போய் மிச்சமிருந்த வீடுகளையும் அவற்றில் வாழ்ந்தவர்களையும் பார்த்துப் பேசினார்கள். 1994-ல் நான்கு பேர் சேர்ந்து எழுதிய முழுக் கையேடு ஒன்று வந்தது. 1996-ல் டூசான் நகரமும் அதைச் சுற்றிய பீமா மாவட்டமும் வைக்கோல் சுவருக்குக் கட்டட விதிகளை ஏற்றுக்கொண்டன. 2015-ல் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிக் குடியிருப்பு விதித்தொகுப்பில் வைக்கோல் கட்டுமானத்துக்குத் தனிப் பின்னிணைப்பே வந்துவிட்டது.

கவனித்தால், மாடு தின்ற பள்ளிக்கூடத்திலிருந்து விதிப்புத்தகம் வரை ஏறக்குறைய 120 வருஷம். அதில் நாற்பது, ஐம்பது வருஷம் இந்த அறிவு உயிரோடிருந்தது சில கிழவர்களின் நினைவிலும், நின்ற சில சுவர்களிலும் மட்டும்தான். வெல்ஷ் இருபது வருஷம் தாமதித்திருந்தால் சுவர் இருந்திருக்கும், "பூசுவதற்கு முன்னால் சில மாதம் விடு" என்று சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார். என் தொழிலில் இது தினமும் பார்ப்பது. ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோகிராம் கையில் இருக்கும், அதை ஏன் அப்படி எழுதினார்கள் என்று தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

வேறு இரண்டு இடங்கள்

பிரான்சில் மோன்தார்ஜி நகரத்தில், ஃபெய்யெட் என்ற பொறியாளர் 1920-ல் மரச்சட்டத்துக்குள் வைக்கோல் கட்டு அடைத்து ஒரு வீடு கட்டினார். முதல் உலகப்போர் முடிந்து கட்டுமானப் பொருள் கிடைக்காத நேரம். வீடு நூறு வருஷத்தைத் தாண்டி நிற்கிறது. 2013-ல் அந்நாட்டின் வைக்கோல் கட்டுமானக்காரர்கள் அதை வாங்கித் தங்கள் மையமாக்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில். 2005 காஷ்மீர் நிலநடுக்கத்துக்குப் பிறகு பாகிஸ்தானின் வடபகுதியில் வைக்கோல் கட்டு வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். அங்கே பேலர் இல்லை. பெட்டிக்குள் வைக்கோலைப் போட்டு, கையாலேயே அழுத்திக் கட்டு செய்தார்கள். 14-க்கு 14 அடி முழு வீடு ஒன்றை அதே முறையில் கட்டி, 2009-ல் நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகத்தில் அதிர்வு மேடையில் ஏற்றிக் குலுக்கினார்கள். விரிசல் விட்டது, விழவில்லை. எடை குறைந்த, வளைந்துகொடுக்கும் சுவருக்கு நிலநடுக்கத்தில் அந்த அனுகூலம் உண்டு.

நம்ம ஊருக்கு?

இதைப் படிக்கிற நண்பர்கள் தஞ்சாவூரில் வைக்கோல் வீடு கட்டலாமா என்று கேட்பார்கள். அறுவடை முடிந்ததும் டிராக்டர் பேலர்கள் வயலில் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டுப் போகிறதைப் பார்த்தால் தோன்றத்தான் செய்யும். நான் அவசரப்பட மாட்டேன். டெல்டாவின் மழை மணற்குன்றுப் பகுதியைப்போல இரண்டு மடங்கு. காற்றில் ஈரம் அதிகம். கரையான் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, நம்ம ஊரில் வைக்கோல் மிச்சம் கிடையாது. அது மாட்டின் சாப்பாடு. லாரி ஏறி வேற மாவட்டத்துக்குப் போகிற சரக்கு.

நெப்ராஸ்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளை இல்லை, கேள்வியை. இந்த இடத்தில் எது மிச்சம்? எது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கு? நம்ம ஊரில் அதற்கு விடை பெரும்பாலும் மண்ணும், இடித்த வீடும்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளும் தூண்களும் கதவுகளும் விற்பனைக்கு நிற்கின்றன. பல ஊர்களில் பழைய மரக்கடை என்று ஒன்று உண்டு. தேக்கு ஜன்னல், நாட்டு ஓடு, முழுசாகக் கழற்றிய செங்கல். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தென்னிந்திய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். கழற்றிக் கட்டக்கூடிய வீடு என்பதே பாதி மறந்துபோன எண்ணம். சுண்ணாம்பிலும் மண்ணிலும் கட்டியதை கல் உடையாமல் பிரிக்கலாம். சிமென்ட்டில் கட்டியதை உடைக்கத்தான் முடியும்.

ஆனால் இங்கேயும் காகிதம் குறுக்கே நிற்கிறது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நிரந்தரம், பாதி நிரந்தரம், தற்காலிகம் என்று பிரிக்கிறது. அளவுகோல், சுவரும் கூரையும் எந்தப் பொருளால் ஆனவை என்பதுதான், எத்தனை வருஷம் நின்றன என்பது அல்ல. மண், சுடாத செங்கல், புல், கூரை, மூங்கில் எல்லாம் தற்காலிகப் பொருள்கள். மூன்று தலைமுறை வாழ்ந்த மண்சுவர்க் கூரை வீடு தற்காலிகம். பத்து வருஷத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை விழும் கான்கிரீட் பெட்டி நிரந்தரம். கணக்கெடுப்புக்கு ஏதோ ஒரு எளிய வரையறை வேண்டும், அது புரிகிறது. மோசமான குடிசையில் கஷ்டப்படுகிறவர்களை அடையாளம் காணவும் அது உதவுகிறது. ஆனால் அந்தச் சொல் கணக்கெடுப்போடு நிற்பதில்லை. கடன் கேட்கும் இடத்திலும், பெண் பார்க்கப் போகும் இடத்திலும், கடைசியில் வீட்டுக்காரர் மனசிலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

நெப்ராஸ்காவில் நடந்தது அதேதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. சுவர் நிற்கும்போதே ஒருவர் அளவுகோலோடு போனார். அவர் எழுதி வைத்ததால் பின்னால் வந்தவர்களால் சோதனை செய்ய முடிந்தது. சோதனை செய்ததால் விதி வந்தது. விதி வந்ததால் வைக்கோல் வீட்டுக்கும் அனுமதி கேட்டு நிற்க ஒரு வரிசை உண்டானது.

நம்மிடம் மண்சுவர் வைத்த, சுண்ணாம்பு அரைத்த, கடுக்காய்த் தண்ணி ஊற வைத்த கொத்தனார்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயசு. களிமண்ணும் மணலும் எத்தனைக்கு எத்தனை, எத்தனை நாள் புளிக்க வைக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை அடி உயரம் வைக்கலாம், மறு வரி எப்போது. இதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். சுவரின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். ஏன் அந்தக் கனம் என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள்.